ஆழிக்குகையின் குடைக்காரர்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நால்வர். ஒருவர் வைரவநாதன், ஓய்வுபெற்ற சார்பதிவாளர், வயது எண்பத்து நான்கு, வீட்டுக்குச் சொந்தக்காரர். இரண்டாமவர் அவருடைய மகள் உமையாள். மூன்றாமவர் ஆவுடையப்பன், தூத்துக்குடித் துறைமுகத்தில் மின்பிரிவு ஊழியர், 'ஆழிக்குகை' ரசிகர் வட்டத்தின் செயலாளர். நான்காமவர் ரோஸ்லின் மச்சாடோ, பெரியமுனைக் கிராமத்தில் சங்கு குளித்துப் பிழைத்த லூர்து மச்சாடோவின் மகள். இவர்களைத் தவிர மேசைமேல் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. அதையும் ஐந்தாவது ஆளாகச் சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. பெட்டி பெட்டிதான். சன்னலுக்கு வெளியே யாரும் நிற்கவில்லை. ஆகவே அன்று நடந்ததைப் பற்றி இந்த நால்வரைத் தவிர வேறு யார் என்ன சொன்னாலும் அது கேள்விப்பட்டதுதான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் நனைந்த குடையோடு உள்ளே வந்தபோது, அதை வாசலுக்கு வெளியே வைக்கும்படி வைரவநாதன் சொன்னார். அந்த வீட்டில் குடை கிடையாது. மழையோ வெயிலோ, வெறுந்தலையோடு முதுகை நிமிர்த்தி நடப்பவர் என்று தெருவில் அவருக்குப் பெயர். முப்பத்தைந்து வருடம் பதிவுத்துறையில் கை நீட்டாமல் இருந்த மனிதருக்கு அந்த நடை பொருத்தம்தான் என்பார்கள். எத்தனை குடை வாங்கிக் கொடுத்தாலும் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவார் என்பது உமையாளின் பழைய புகார்.

மணி மூன்று. ஐந்து மணிக்குள் ஒரு காகிதத்தில் கையெழுத்து விழ வேண்டும், அல்லது விழாமல் போக வேண்டும். எது நடந்தாலும் அதற்குச் சட்டத்தில் ஒரு பொருள் இருந்தது.

ஊகப்பொறி இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். இறந்துபோனவர் எழுதியது, பேசியது, அடித்துத் திருத்தியது என்று கிடைத்ததையெல்லாம் அதற்குள் கொடுத்தால், அவர் எழுதாமல் விட்டதை அது எழுதும். நூற்றுக்கு எத்தனை பங்கு நிச்சயம் என்பதையும் ஓரத்தில் போடும். ஆரம்பத்தில் பாட்டும் கதையும் எழுதிக்கொண்டிருந்தது. பிறகு உயில் எழுதியது. கயத்தாற்றுப் பக்கம் ஒரு தகப்பனுக்காகப் பொறி எழுதிய உயிலால் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர் ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போகாமல் நின்றுவிட்டார்கள். அதன்பிறகு சட்டம் வந்தது. பொறி எழுதியதைப் பதிவு செய்த முப்பது நாளுக்குள் வாரிசு மறுக்காவிட்டால், அது இறந்தவரின் சொந்த வாக்காகவே கொள்ளப்படும். மறுப்பதற்கும் ஒரே வழிதான். நேரில் கண்டவரின் வாக்குமூலம் வேண்டும். 'எனக்குத் தெரியும்' என்று எழுதினால் செல்லாது. 'நான் அங்கே இருந்தேன்' என்று எழுத வேண்டும்.

அன்று முப்பதாவது நாள்.

பொறிக்குள் போனவர் குலசேகரன், வைரவநாதனின் அண்ணன். ஐம்பத்தெட்டு வருடங்களுக்கு முன் வந்த 'ஆழிக்குகை' படத்தின் கதாசிரியர். கப்பல்காரன் சேந்தன் என்ற வீரன் கடற்குகையில் புதையல் தேடும் படம் அது. கடைசிக் காட்சியில் சேந்தன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறையிலிருந்து கடலில் இறங்குகிறான். மேலே அவன் தோழன் காத்தான் கயிற்றைப் பிடித்திருக்கிறான். கயிறு இறுகுகிறது, திரை இருள்கிறது, 'சேந்தன் மீண்டும் வருவான்' என்ற எழுத்து வருகிறது. சேந்தன் வரவில்லை. இரண்டாம் பாகம் எடுக்கப்படவே இல்லை.

ஏன் எடுக்கவில்லை என்பதைச் சுற்றித்தான் ரசிகர் வட்டம் வளர்ந்தது. அந்தக் காட்சியில் நடிகருக்குப் பதிலாகக் கடலில் இறங்கியவர் லூர்து மச்சாடோ. அவர் உயிரோடு மேலே வரவில்லை. முகம் தெரியாத தூரக்காட்சி என்பதால் காத்தானின் சட்டையைப் போட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தவர் குலசேகரன். பேனா பிடிக்கிற மனிதர் கயிற்றை ஏன் பிடித்தார் என்று அன்று காவல்துறையும் கேட்டது. விபத்து என்று எழுதி மூடியது. ரசிகர்கள் மூடவில்லை.

பொறி எழுதிய இரண்டாம் பாகத்தின் முதல் காட்சியை ஆவுடையப்பன் வாசித்துக் காட்டினார். பாறை, பகல், காத்தான் தனியாக நிற்கிறான். தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு சொல்கிறான்: "கயிறு என் கையிலதான் இருந்தது. விட்டவன் நான்தான்."

ஓரத்தில் எண்பத்தேழு என்று இருந்தது.

"குலசேகரன் ஐயா தன் வாழ்க்கையில நடக்காத எதையும் எழுதினதில்லன்னு பொறி சொல்லுது" என்றார் ஆவுடையப்பன். வருத்தத்தோடுதான் சொன்னார். குலசேகரன் படத்தைத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பவர் அவர். "இது அவரோட ஒப்புதல் வாக்குன்னு நாளைக்கு உறுதியாயிரும், ஐயா. நாங்க தெரியாத்தனமா ஆரம்பிச்சிட்டோம். கதை தெரியணும்னுதான் ஆசைப்பட்டோம். இப்ப நிறுத்த எங்களால முடியாது. உங்க ஒருத்தராலதான் முடியும்."

வைரவநாதன் கைத்தடியை இரு கைகளாலும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் குடும்பத்தில் யாரும் காவல் நிலையப் படி ஏறியதில்லை. கடன் சொல்லிப் பொருள் வாங்கியதில்லை. நாளை முதல் அண்ணன் ஒரு மனிதனைக் கடலில் விட்டவர் என்று முத்திரையோடு இருக்கும். அவருடைய பேரன் பேத்திகள் அந்த முத்திரையைப் படிப்பார்கள்.

"என் அண்ணன் கயிற்றை விடவில்லை" என்றார்.

"அது போதாது, ஐயா."

போதாது என்பது அவருக்குத் தெரியாதா. எத்தனை பேருடைய வெறும் வாய்ச்சொல்லை அவரே மேசைக்கு அந்தப் பக்கம் நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

உமையாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று நினைத்தாளோ என்னவோ, அந்தக் குடைக்காரன் யாரென்று பொறி கண்டுபிடித்துவிட்டதா என்று ஆவுடையப்பனைக் கேட்டாள். கடைசிக் காட்சியின் இடது ஓரத்தில், பாறைக்குப் பின்னால், கறுப்புக் குடை பிடித்த ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போவான். நான்கு விநாடிதான். கதைக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. ரசிகர்கள் ஐம்பது வருடமாக மண்டையை உடைத்துக்கொள்வது அவனைப் பற்றித்தான்.

ஆவுடையப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு கூட்டம் அவன் சேந்தனோட அப்பாங்குது. ஒரு கூட்டம் இரண்டாம் பாகத்து வில்லன்ங்குது. எங்க பொருளாளர் ஒருத்தர், அவன் எதிர்காலத்துல இருந்து வந்தவன்னு நூத்திருபது பக்கம் எழுதி வச்சிருக்காரு."

"வெயிலுக்குக் குடை பிடிச்சிட்டுப் போன எவனாவது இருப்பான்" என்றாள் உமையாள்.

"எங்க வீட்டம்மாவும் அதைத்தான் சொன்னா. அவளை வட்டத்துல சேக்கல."

ரோஸ்லினும் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் பேசவில்லை. ஐம்பத்தேழு வயது, படகுத்துறையில் ஐஸ் ஆலை நடத்துபவர், நாற்காலி நுனியில் உட்காராமல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதிக்கப்பட்டவரின் வாரிசு என்ற முறையில் சட்டப்படி அவரை அழைத்திருந்தார்கள். வைரவநாதன் அவரை நேராகப் பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டே இருந்தார். அந்த நெற்றியும் மூக்கும் அவருக்கு ரொம்பப் பழக்கமானவை.

ஆவுடையப்பன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். குலசேகரன் அதன்பிறகு பதினொரு படங்களுக்கு எழுதினார். பதினொன்றிலும் எங்கேயோ ஒரு மூலையில் குடை பிடித்த ஒருவன் விலகிப் போகிறான். இயக்குநர்கள் வெட்டி எறிந்துவிட்டதால் படங்களில் அவன் கிடையாது, எழுத்துப் பிரதிகளில் மட்டும் இருக்கிறான். மனிதர்கள் யாரும் கவனிக்கவில்லை, பொறி கவனித்துவிட்டது.

"முதல்ல எழுதினதுல கண்ணுக்கு மறையற வரைக்கும் போறான். அடுத்தடுத்து தூரம் குறைஞ்சிட்டே வருது. கடைசியா எழுதினதுல கொஞ்ச தூரத்துலயே நின்னு தலையைத் திருப்புதான். அதனால இரண்டாம் பாகம்னு ஒண்ணு எழுதியிருந்தா அவன் திரும்பி வந்திருப்பான்னு பொறி சொல்லுது. குடையைக் கீழ போட்டுட்டு ஓடி வந்து, காத்தானோட சேந்து கயித்தைப் பிடிக்கான். தொண்ணூத்து நாலு."

வைரவநாதன் கைத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனும் அவரும் அதன்பின் முப்பது வருடத்துக்கு மேல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அண்ணன் அந்த நாளைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. தான் மன்னிக்கப்படவில்லை என்றுதான் தம்பி நினைத்திருந்தார். பதினொரு தடவை அண்ணன் தன்னை எழுதிக் கூப்பிட்டிருக்கிறார் என்பது இன்றைக்கு, ஒரு பெட்டி சொல்லித் தெரிகிறது.

"இன்னொரு சந்தேகமும் உண்டு" என்று ஆவுடையப்பன் தயங்கினார். ஆழிக்குகைக்குப் பிறகு குலசேகரனின் கையெழுத்தில் ஒரு பக்கம்கூடக் கிடையாது. எல்லாம் உதவியாளர்கள் எழுதியவை. ஆகவே பின்னாளில் வந்த கதைகள் அவருடையவையே அல்ல என்று ஒரு பேச்சு.

அண்ணனைக் கொலைகாரர் என்றபோது வராத கோபம் வைரவநாதனுக்கு இப்போது வந்தது. "அவர் விரல் மடங்காது, தம்பி. உள்ளங்கைத் தோல் மொத்தமும் கயிற்றோடு போய்விட்டது. எலும்பு தெரிந்தது. கயிற்றை விட்டவனுக்கு அப்படி ஆகுமா?"

உமையாள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"தீபாவளிப் பட்டாசு வெடிச்சு கை போச்சுன்னுதான் பெரியப்பா சொல்லுவாங்க" என்றாள் உமையாள் மெதுவாக. "எலும்பு தெரிஞ்சதை நீங்க எப்பப்பா பாத்தீங்க?"

ரோஸ்லின் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க கடல்ல ஒரு வழக்கம் உண்டு" என்றார். "சங்கு குளிக்க இறங்குறவன் தன் கயித்தைக் கண்டவன் கையில கொடுக்கமாட்டான். பெத்த தகப்பன்கிட்டகூடக் கொடுக்கமாட்டான். பொண்டாட்டியோட கூடப்பிறந்தவன்தான் பிடிக்கணும். தங்கச்சி தாலி அவன் கையில இருக்கு பாருங்க, அந்தக் கை விடாது. இதைப் பொறிக்கிட்ட யாரும் சொல்லியிருக்கமாட்டாங்க. எங்கயும் எழுதி வைக்கலையே."

ஆவுடையப்பன் ரோஸ்லினைப் பார்த்தார், பிறகு சுவரில் மாலையோடு இருந்த குலசேகரன் படத்தைப் பார்த்தார்.

"எங்கம்மா பேரு மரியா. அது மாதா கோயில்ல வச்ச பேரு. முன்னாடி இருந்த பேரை எங்ககிட்டச் சொன்னதில்ல. ஆறு வருஷம் முந்தி, சாகப்போற அன்னைக்குத்தான் சொன்னா."

"சங்கரவடிவு" என்றார் வைரவநாதன்.

அந்தப் பெயரை அந்த வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை, ஆவணி மாதத் திதியில் மட்டும்தான் சொல்வார்கள். இருபத்திரண்டு வயதில் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்த அத்தை என்றுதான் உமையாளுக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் அந்த அத்தைக்காக அவளே பிண்டத்துக்குப் பச்சரிசி வடித்துக் கொடுத்திருக்கிறாள். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"உயிரோட இருந்தவங்களுக்கா, அப்பா? ஐம்பத்திரண்டு வருஷமா?"

"அப்பா தலை முழுகிவிட்டார். பெரியவர் செய்ததை நான் தொடர்ந்தேன்."

அதற்குமேல் அவர் யாரையும் பேச விடவில்லை. காகிதம் கொண்டுவரச் சொன்னார். வாக்குமூலத்தை அவரே எழுதினார், அவர் காலத்துப் பத்திர எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல். எழுத எழுத வாய்விட்டும் சொன்னார். சொன்னது இதுதான்.

சங்கரவடிவு லூர்துவோடு வீட்டைவிட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்பா படுக்கையில் விழுந்திருந்தார். குலசேகரன் மட்டும் தங்கை வீட்டுக்குப் போக வர இருக்கிறார் என்று தெரிந்து, அவரைக் கண்டித்துக் கூட்டிவர வைரவநாதன் பெரியமுனைக்குப் போனார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு, பதிவு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். நல்ல வெயில், கையில் கறுப்புக் குடை. பாறைமேல் படப்பிடிப்புக்காரர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். கீழே அலை மோசமாக இருந்தது. படப்பிடிப்புக் குழுவில் கயிறு பிடிக்கவென்றே இருந்த இரண்டு ஆட்களை லூர்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குலசேகரன் முன்வந்து நின்றார். லூர்து அவர் கைகளைப் பார்த்தார். அவை பேனா பிடித்த கைகள். பிறகு குடையின் கீழ் நின்றவரைப் பார்த்துச் சிரித்து, கயிற்றின் நுனியை நீட்டினார்.

"சின்ன மச்சான், நீங்களும் ஒரு கை பிடிங்க. ரெண்டு பேரு பிடிச்சா எனக்குப் பயமில்ல."

நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தெற்கே யாரும் யாரையும் மச்சான் என்று கூப்பிடுவதுண்டு. கேலி என்று நினைத்து ஒரு கை பிடித்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கயிற்றைத் தொடுவது உறவை ஒப்புக்கொள்வது என்று வைரவநாதனுக்குத் தெரியும், லூர்துக்கும் தெரியும், குலசேகரனுக்கும் தெரியும்.

"நான் யாருக்கும் மச்சான் இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். பின்னால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனின் அலறல் கேட்டது. ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. அவர் சாலைக்குப் போய்ப் பேருந்து பிடித்தார். அண்ணனின் கையை மறுநாள் மருத்துவமனையில்தான் பார்த்தார்.

எழுதிக்கொண்டிருந்த பேனா அந்த இடத்தில் நின்றது. மணி நாலரை.

ஆவுடையப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். நல்ல எண்ணத்தோடுதான் பேசினார். "ஐயா, நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீங்க. பொறி எழுதினதுல குடைக்காரர் திரும்பி வாராரு. உங்க அண்ணனே அப்படித்தான் எழுதணும்னு இருந்திருக்காரு. நீங்களும் திரும்பி வந்து பிடிச்சிய, ரெண்டு பேரு பிடிச்சும் அலை இழுத்துட்டுப் போயிட்டுன்னு எழுதுங்க. அவரு பேரும் தப்பிக்கும், உங்க பேரும் தப்பிக்கும். அன்னைக்கு இருந்த நாப்பது பேர்ல ஒருத்தரும் இப்ப இல்ல. மறுக்க யாரு வரப்போறா?"

உமையாள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் மறுக்கும் முகத்தோடு இல்லை. அந்த யோசனை அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டதை அவள் கண்டாள். அதில் பொய்கூட முழுப் பொய்யில்லை. இறந்தவரின் விருப்பம் அதுவென்று நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கு சொல்லப்பட்டிருக்கிறது. பேனா காகிதத்துக்கு மேலே, தொடாமல், இருந்தது.

ரோஸ்லின் அவசரப்படவில்லை. "அம்மாவும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தா" என்றார். "ரெண்டு அண்ணன்மாரும் பிடிச்சாங்க, கடல்தான் விடலைன்னு. என்கிட்ட, என் பிள்ளைங்ககிட்ட, சாமியார்கிட்டகூட. அவளுக்கு அப்படி ஒரு அண்ணன் வேண்டியிருந்தது. கடைசி நாள்ல பேரைச் சொன்னப்பதான் நெசத்தையும் சொன்னா. நான் அப்ப அவ வயித்துல ஏழு மாசம். எனக்கு உங்ககிட்ட வேற எதுவும் வேண்டாம், ஐயா. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு எழுதுங்க."

வைரவநாதன் அவரை அன்று முதல்முறையாக நேராகப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். "கயிறு இழுபட்டபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் அண்ணன் குலசேகரன் கடைசிவரை கயிற்றை விடவில்லை. இருவர் பிடிக்க வேண்டிய கயிற்றை அவர் ஒருவராகப் பிடித்தார். இன்னொருவர் நான்."

கீழே, சம்பவத்தில் இறந்தவருக்கு உறவுமுறை என்று ஓர் இடம் இருந்தது. அங்கே 'மைத்துனன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். சாட்சிகள் இருவர் வேண்டும். உமையாள் ஒரு சாட்சி. ரோஸ்லின் இரண்டாவது சாட்சி. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். ஐயா என்று கூப்பிட்டவர் போகும்போதும் ஐயா என்றே சொல்லிக்கொண்டு போனார். வைரவநாதனும் வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை.

வாக்குமூலம் நாலே முக்காலுக்குப் பதிவானது. பொறி எழுதிய முதல் காட்சி செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த வருடம் ஆவணியில் அந்த வீட்டில் திதி கொடுக்கவில்லை. சங்கரவடிவு இறந்த மாசி மாதத்து நாளைக் கேட்டு உமையாள் பெரியமுனைக்குப் போய்வந்தாள்.

ஆனால் ரசிகர்களுக்குப் பொறியின் கடைசிக் காட்சி பிடித்துப்போய்விட்டது. அது இப்போதும் கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. குடைக்காரர் கடைசி நேரத்தில் மனம் மாறி, குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து கயிற்றைப் பிடித்தார் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர் திரும்பி வரவில்லை.